சட்டென்று சிவக்கும் முகத்துக்கு எந்த சோப்புக் கட்டி? உறையின் பின்பக்கத்தை வைத்து ஒரு மதிப்பீடு

முகம் கழுவித் துடைத்த ஐந்தாவது நிமிடம் கன்னம் இழுக்கிறது. மூக்கோரம் வெள்ளையாகச் செதில் பூக்கிறது. அதன்மேல் கிரீம் தடவினால் சுரீரென்று எரிகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சோப்பை. கடையில் போய் ‘மைல்டா ஒரு சோப்பு குடுங்க’ என்று கேட்டால் கைக்கு வருவது குழந்தை சோப்பு, கண்ணாடிபோல் இருக்கும் கிளிசரின் சோப்பு, அல்லது மூலிகைப் பெயர் போட்ட பச்சை சோப்பு. நிறமும் மணமும் வேறு வேறு. ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வகைதான்: எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்துச் செய்த அசல் சோப்பு.

அசல் சோப்பு கெட்ட பொருள் இல்லை. கைக்கும் காலுக்கும் அதைவிட மலிவாக, நன்றாக அழுக்கெடுக்கும் பொருள் கிடைப்பது கடினம். முகத்தில் அது படுத்துவதற்குக் காரணம் காரத்தன்மை. நலமாக இருக்கும் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். அசல் சோப்பின் நுரை 9 முதல் 10.5 வரை போகும். பிஎச் அளவில் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறியது என்று பொருள். அதனால் 5-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பது லட்சம் மடங்கு வித்தியாசம்.

அந்தக் காரம் பட்டதும் தோலின் மேலடுக்கு தண்ணீரில் ஊறிய அவல்போல் உப்புகிறது. செல்களுக்கு இடையில் இருந்து ஈரத்தைக் காக்கும் கொழுப்புகளான செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் எல்லாம் நுரையோடு கழன்று வருகின்றன. செரமைடைத் திரும்ப உண்டாக்கும் நொதி அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். செல்களின் பிணைப்பை அறுக்கும் நொதியோ காரத்தில் வேகம் பிடிக்கும். அதாவது கட்டுகிற வேலை நிற்கிறது, பிரிக்கிற வேலை ஓடுகிறது. திடமான தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மென்மையான தோல் திரும்பி முடிப்பதற்குள் நாம் அடுத்த முறை கழுவிவிடுகிறோம்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். ‘டிஎஃப்எம் 76-க்கு மேல் இருந்தால் நல்ல சோப்பு, முகத்துக்கும் நல்லது’ என்று யூடியூபில் தொடங்கி வாட்ஸ்அப் வரை சொல்கிறார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. டிஎஃப்எம் என்பது கட்டியில் மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 2888 விதிப்படி டாய்லெட் சோப்பில் குறைந்தது 76 சதவீதம் இருந்தால் கிரேடு 1, 70 இருந்தால் கிரேடு 2, 60 இருந்தால் கிரேடு 3. கிரேடு 1 என்றால் மாவும் நிரப்புப் பொருளும் குறைவு, கட்டி சீக்கிரம் கரையாது, கொடுத்த காசுக்குச் சோப்பு இருக்கிறது என்று அர்த்தம். தோலுக்கு மென்மை என்று அர்த்தம் இல்லை. 80 சதவீத டிஎஃப்எம் உள்ள சோப்பும் காரம்தான்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1979-இல் பீட்டர் ஃப்ராஷ், ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்கையில் சிறு கிண்ணம்போன்ற ஒட்டுக்குள் சோப்புக் கரைசலை வைத்து, ஐந்து நாளில் எவ்வளவு சிவக்கிறது, செதில் விடுகிறது, வெடிக்கிறது என்று அளந்தார்கள். பேர்பெற்ற 18 சோப்புகளைப் பார்த்ததில் மென்மையானது என்று தேறியது ஒன்றே ஒன்று. அது டவ். அதே டவ் நம் ஊர்க் கடையில் ‘பேதிங் பார்’ என்ற வகையில் வருகிறது. அந்த வகைக்கு உள்ள ஐஎஸ் 13498 விதி கேட்கும் கொழுப்புப் பொருள் 40 சதவீதம்தான். டிஎஃப்எம்மை மட்டும் பார்த்து வாங்குகிறவர் அதைக் கழித்துக் கட்டிவிடுவார். அதற்காக ‘பேதிங் பார்’ என்று போட்டதெல்லாம் மென்மை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிரப்புப் பொருள் கலந்த மலிவுச் சோப்புகளும் அதே பெயரில்தான் வருகின்றன. ஆகவே முன்பக்கத்து எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொருள் பட்டியலுக்குப் போக வேண்டும்.

பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். முதல் மூன்று பெயர்கள் போதும். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட், சோடியம் டாலோவேட் என்று தொடங்கினால் அது அசல் சோப்பு. முறையே பாமாயில், பனைப்பருப்பு எண்ணெய், தேங்காய் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றிலிருந்து வந்தவை. சில உறைகளில் ‘சோப் நூடுல்ஸ்’ என்றே எழுதியிருப்பார்கள். அதுவும் இதேதான். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், சோடியம் லாரோயில் ஐசெதியோனேட், டைசோடியம் லாரில் சல்ஃபோசக்சினேட் என்று தொடங்கினால் அது சோப்பு இல்லாத கட்டி. தோல் மருத்துவர்கள் சிண்டெட் என்பார்கள். கோகோயேட், கோகோயில் என்ற இரண்டு பெயரும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஏமாந்துவிடாமல் பின்னால் ‘ஐசெதியோனேட்’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்தான் ஆளை மாற்றுகிறது.

படிக்கச் சிரமமாக இருந்தாலோ, உறையே இல்லாத கைத்தயாரிப்புச் சோப்பாக இருந்தாலோ, அடுப்படியில் இருக்கும் மஞ்சள்தூளே சோதனைச்சாலை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் செக்கச் செவேலென்று மாறுகிறதே, அதே வேதியியல். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மாறத் தொடங்குவது பிஎச் 7.4 அளவில், 8.6-ஐத் தாண்டினால் முழுச் சிவப்பு.

செய்முறை இது. அரை டீஸ்பூன் மஞ்சள்தூளை இரண்டு டீஸ்பூன் குடிதண்ணீரில் குழைத்து, வெள்ளைப் பருத்தித் துணியிலோ டிஷ்யூ தாளிலோ மெல்லப் பூசி கால் மணி நேரம் உலர விடுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் அதே குடிதண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். நிறம் மாறக் கூடாது. போர் தண்ணீரே சில ஊர்களில் 8-ஐத் தொடும் என்பதால் அதை இதற்கு எடுக்காதீர்கள். இன்னோர் ஓரத்தில் துணி சோப்பை நனைத்துத் தேயுங்கள். ரத்தச் சிவப்பாக வருவது உங்கள் ஒப்பீட்டுக்கு. நடுவில் முகத்துக்கு வாங்கிய கட்டியை நனைத்துத் தேய்த்து ஒரு நிமிடம் பொறுங்கள். செங்கல் நிறம் வந்தால் அசல் சோப்பு. மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் நடுநிலை அல்லது அமிலப் பக்கம். ஆரஞ்சாக நடுவில் நின்றால் இரண்டும் கலந்தது. இந்தச் சோதனையால் 5.5-ஐயும் 7-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் துல்லியம் வேண்டுமென்றால் பிஎச் தாள் வாங்கி, 1 கிராம் சோப்புத் துருவலை 10 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து நனைத்துப் பார்க்கலாம். வாசனைப் பொருளால் வரும் ஒவ்வாமையை மஞ்சளும் சொல்லாது, தாளும் சொல்லாது.

இனி கடையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

சட்டென்று சிவக்கும் முகத்துக்கு முதல் தேர்வு செபாமெட் கிளென்சிங் பார். டைசோடியம் லாரில் சல்ஃபோசக்சினேட்டை அடிப்படையாகக் கொண்டது, அசல் சோப்பு கிடையாது, பிஎச் 5.5. நுரை மெல்லியதாக, கிரீம்போல் வரும். சோப்பு நுரைக்குப் பழகிய கைக்கு முதல் வாரம் ‘கழுவினமாதிரியே இல்லை’ என்று தோன்றும். அழுக்கு போயிருக்கும். குறைகள் இரண்டு. வாசனை சேர்த்திருக்கிறார்கள், மணத்துக்கு ஒவ்வாமை உறுதியானவர்கள் தள்ளி நிற்க வேண்டும். கோதுமை மாவுச்சத்தும் இருக்கிறது, கோதுமை பட்டால் தோலில் தடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். விலை சாதாரண சோப்பைப்போல் பல மடங்கு. முகத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

செலவு பார்க்க வேண்டிய வீட்டுக்கு வெள்ளை டவ் போதும். இதை இரண்டாம் தரம் என்று சொல்லவில்லை. லாரோயில் ஐசெதியோனேட்டும் ஸ்டியரிக் அமிலமும் முன்னால் நிற்க, கொஞ்சம் அசல் சோப்பும் கலந்த கட்டி. பிஎச் 7-ஐ ஒட்டி. ஸ்டியரிக் அமிலம் கழுவிய பிறகும் மெல்லிய படலமாகத் தங்கும். அந்த வழுவழுப்பை ‘சோப்பு போகவில்லை’ என்று நினைத்து மறுபடி மறுபடி தேய்ப்பவர்கள் இதன் பலனைத் தாங்களே கழுவி விடுகிறார்கள். மணம் தூக்கலாக இருப்பதுதான் இதன் உண்மையான குறை. வெள்ளைக் கட்டியோடு நில்லுங்கள், நிறமும் மணமும் கூட்டிய வகைகள் முகத்துக்கு வேண்டாம். கண் இமையில் மட்டும் அரிப்பும் தடிப்பும் விடாமல் இருந்தால் பட்டியலில் உள்ள கோகமிடோபுரோப்பைல் பீட்டைன் என்ற நுரைப் பொருளையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். 2004-இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது அதைத்தான். பெரும்பாலும் தொல்லை தருவது தயாரிப்பில் மிஞ்சும் கசடு.

செட்டாஃபில் கட்டியும் ஐசெதியோனேட் குடும்பம்தான், 127 கிராம், மணம் லேசானது. வறண்ட, செதில் விடும் முகத்துக்கு ஒத்துவரும். சோடியம் டாலோவேட் சேர்ந்த தயாரிப்பும் இந்தப் பெயரில் வந்திருக்கிறது. விலங்குக் கொழுப்பைத் தவிர்ப்பவர்கள் கையில் இருக்கும் உறையைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

பியர்ஸ்மேல் நம் ஊருக்கு இருக்கும் பாசம் தனி. பனிக்காலம் வந்தால் குழந்தைக்கும் பெரியவருக்கும் அதுதான். கிளிசரின் இருப்பதால் மற்ற அசல் சோப்புகளைவிட இழுப்பு சற்றுக் குறைவு, உண்மை. ஆனால் அதுவும் அசல் சோப்புதான், மஞ்சள் துணியைச் சிவக்க வைக்கும். ‘98% தூய கிளிசரின்’ என்ற வாசகம் சேர்த்த கிளிசரினின் தூய்மையைச் சொல்கிறது. கட்டியில் 98 சதவீதம் கிளிசரின் என்று வாசித்துவிடாதீர்கள். அப்படி இருந்தால் அது கட்டியாகவே நிற்காது. கண்ணாடித் தோற்றத்துக்கும் மென்மைக்கும் சம்பந்தம் இல்லை.

மைசூர் சாண்டல், ஹமாம், மெடிமிக்ஸ் மூன்றையும் உடம்புக்குத் தாராளமாகப் போடுங்கள். இங்கே பேசுவது எரியும் முகத்தைப் பற்றி, அதற்கு மூன்றும் வேண்டாம். 1969-இல் சென்னையில் பிறந்த மெடிமிக்ஸ் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நுரை பொங்குவதும் அதனால், வறட்டி எடுப்பதும் அதனால். கொழுப்பு அமிலச் சோப்புகளில் தோலை அதிகம் உறுத்துவது அந்த லாரிக் அமிலச் சோப்புதான். வேம்பும் துளசியும் சந்தனமும் சேர்ப்பதால் அடிப்படைக் காரம் குறைவதில்லை. குழந்தை சோப்பும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. பெயரை விட்டு முதல் மூன்று பொருளைப் பாருங்கள்.

கைத்தயாரிப்புச் சோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆட்டுப்பால், குப்பைமேனி, நலங்குமாவு என்று இன்ஸ்டாகிராமில் வீட்டுக்கு வீடு விற்கிறது. நல்ல உழைப்பும் அக்கறையும் அதில் இருக்கிறது. ஆனால் ‘காஸ்டிக் சோடா இல்லாத சோப்பு’ என்று ஒன்று கிடையாது. எண்ணெய் சோப்பாக மாற அது வேண்டும். மாறி முடிந்த பிறகு அது மிஞ்சக் கூடாது, அவ்வளவே. எடை தப்பினாலோ, கலவை சரியாகக் கூடாமல் போனாலோ காரம் கட்டிக்குள் திட்டுத் திட்டாக நிற்கும். எண்ணெயில் 5 முதல் 8 சதவீதம் மாறாமல் மிச்சம் விட்டு, அச்சிலிருந்து எடுத்ததை 4 முதல் 6 வாரம் காற்றாட வைத்திருந்தால் கட்டி இறுகி மென்மையாகும். அவசர ஆர்டருக்காகப் பத்தே நாளில் அனுப்பிய கட்டி முகத்துக்கு ஆகாது. வாங்கும்போது வார்த்த தேதியைக் கேளுங்கள். எந்தெந்த எண்ணெய் எத்தனை பங்கு என்றும் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் கால் பங்குக்குள் இருந்து, ஆலிவ் போன்றவை மிகுதியாக இருந்தால் பரவாயில்லை. கிராம்பு, பட்டை, எலுமிச்சைப்புல் தைலம் சேர்த்தது முகத்தில் படவே கூடாது. ‘பிஎச் 5.5 கைத்தயாரிப்பு’ என்று விற்றால் நம்ப வேண்டாம். அசல் சோப்பை அந்த அளவுக்கு இறக்கினால் அது பிரிந்து கொழுப்பு அமிலமாகிவிடும், நுரையே வராது. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் 9-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

சல்ஃபர், சாலிசிலிக் அமிலம், கீட்டோகோனசோல் சேர்ந்த மருந்துச் சோப்புகள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

உறையில் இன்னும் சில சொற்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை வாய்ப்பு குறைவு), ‘டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்’ (தோலில் சோதித்தது) இரண்டும் சோதனை நடந்ததைச் சொல்லலாம், என்ன முடிவு வந்தது என்று சொல்லாது. ‘அன்சென்டட்’ என்றால் மூக்குக்கு மணம் தெரியாது, ஆனால் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றிருந்து, பட்டியலிலும் பெர்ஃப்யூம், பார்ஃபம், லினலூல், லிமோனீன், ஜெரானியால் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் மணமற்றது.

நல்ல கட்டி வாங்கியும் முகம் இழுத்தால் தண்ணீரைப் பாருங்கள். குழாய் முனையிலும் பக்கெட் ஓரத்திலும் வெள்ளைக் காரை படிகிறதா? கடின நீர். குடிநீருக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. போர் தண்ணீர் பல இடங்களில் அதையும் தாண்டும். அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அசல் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் தோலில் ஒட்டும். பக்கெட்டில் மிதக்கும் சாம்பல் நிற ஆடை அதுதான். உப்புத்தண்ணீர் வீடுகளில் சிண்டெட் கட்டி இன்னும் ஒரு படி மேலாகத் தெரிவது அது இந்தப் பிசுக்கை உண்டாக்காததால். வீட்டுத் தண்ணீரை மாற்ற முடியாவிட்டால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் கூட்டிக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

கழுவும் விதத்தில் பலர் தவறுவது ஒரே இடம்: கட்டியை நேராக முகத்தில் தேய்ப்பது. அப்படித் தேய்த்தால் கன்னத்து எலும்பில் அடர்த்தியான சோப்பு படும், உரசலும் சேரும். உள்ளங்கையில் ஐந்தாறு முறை உருட்டி, கட்டியை வைத்துவிட்டு, நுரையை மட்டும் முகத்தில் பரப்புங்கள். மொத்தமே 20 முதல் 30 விநாடி. தண்ணீர் உடம்புச் சூட்டுக்குக் கீழே இருக்கட்டும், ஹீட்டர் தண்ணீர் கொழுப்பை இன்னும் வேகமாகக் கரைக்கும். பத்துப் பதினைந்து கை தண்ணீர் விட்டு அலசுங்கள். முடி ஓரம், மூக்கு மடிப்பு, தாடைக் கீழ், காதோரம், இந்த நான்கில்தான் நுரை தங்கி மறுநாள் அரிக்கும். பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். கட்டி போட்டுக் கழுவுவது இரவு ஒரு வேளை போதும், காலையில் வெறும் தண்ணீர். வியர்த்து வழியும் வேலை என்றால் இரண்டு வேளை, அதற்கு மேல் வேண்டாம். பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின், பென்சாயில் பெராக்சைடு போடுகிறவர்களுக்கு இந்த வரம்பு கட்டாயம், மருந்தே தோலை வறட்டிக்கொண்டிருக்கும்.

சிண்டெட் கட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஈரத்தில் களியாகிவிடும். அடியில் ஓட்டை உள்ள டப்பாவில், ஷவர் சாரல் படாத இடத்தில் வையுங்கள். புதுக் கட்டியை ஈரமில்லாத கத்தியால் நான்காக நறுக்கி, மூன்றை பட்டர் பேப்பரில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் முகத்துக்குப் புழங்கினால் வீணாவதில்லை. அந்தத் துண்டு உடம்புக்கோ தலை எண்ணெய் எடுக்கவோ போகக் கூடாது.

புதிதாக எதை வாங்கினாலும் முதல் நாளே முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கை மடிப்பில் அல்லது காதுக்குப் பின்னால் நாணய அளவு இடத்தில், வழக்கம்போல் நுரைத்து 30 விநாடியில் கழுவி, தினம் இரு வேளை ஏழு நாள் செய்யுங்கள். உறுத்தல் அன்றே தெரியும். ஒவ்வாமை இரண்டு முதல் நான்கு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், அதனால்தான் ஒரு வாரம். தேறிய பிறகு முகத்தில் நான்கு வாரம் கொடுங்கள். அதற்குள் இழுப்பும் செதிலும் குறையவில்லை என்றால் சோப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

எப்போதும் கன்னம் சிவந்து சூடாக இருப்பது, புருவத்திலும் மூக்கோரத்திலும் பிசுபிசுப்பான மஞ்சள் செதில், இமை வீக்கம், இவற்றுக்குத் தோல் மருத்துவர்தான். மாதக்கணக்கில் சிவப்பழகு கிரீம் போட்டு, நிறுத்தினால் முகம் எரிகிறது என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அந்தக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், அந்த எரிச்சலை எந்தச் சோப்புக் கட்டியும் ஆற்றாது. போகும்போது சோப்பு, கிரீம், தலைச்சாயம் எல்லாவற்றின் உறையையும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொருள் பட்டியல் தெளிவாகத் தெரியும்படி படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும், எடுத்த அன்று ஒரு முறையும் 96 மணி நேரத்தையொட்டி இன்னொரு முறையும் பார்ப்பார்கள், அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. எந்தெந்தப் பொருளை ஒட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்ய அந்தப் பட்டியல்தான் அவர்களுக்கு உதவும்.